இரு உறுப்புகளும் ஒரு நோயும்

ஆங்கில மொழியில் குழந்தை வைத்தியத்தைப் பற்றி முதன்முதலாக எழுந்த நூல் என்று மதிக்கப்படுவது, 16-ஆம் நூற்றாண்டின் மத்தியில் தாமஸ் ஃபேயர் இயற்றிய சிறு புத்தகமாகும். உறக்கத்தில் படுக்கையை நனைக்கும் பிள்ளைகளுக்கென்றே அதில் ஓர் அத்தியாயம் உண்டு. சேவலின் மூச்சுக்குழலைப் பொடித்துக் கொடுக்கும்படி அவர் விதித்த மருந்து இன்று பயனற்றதெனத் தோன்றினும், அப்பிள்ளையைக் குற்றவாளியாக அன்றி நோயாளியாகவே கருதிய அவருடைய தயையை, பின்வந்த காலத்தில் எத்தனையோ இல்லங்களும் பள்ளி விடுதிகளும் மறந்து, பிரம்பையும் பரிகாசத்தையுமே மருந்தாகக் கொண்டன என்பதை நினைக்கையில் மனம் வேதனையுறுகிறது.

1904-இல் மைன்ஹார்ட் ஃபான் ப்ஃபௌண்ட்லர் என்னும் குழந்தை வைத்தியர், படுக்கை நனைந்ததும் தாதியருக்கு அறிவிக்கும் பொருட்டு மின்சார மணி ஒன்றைப் பொருத்தினார். மணியோசையால் விழித்துப் பழகிய குழந்தைகள் நாளடைவில் நனைப்பதையே விட்டது அவர் எதிர்பாராத பலன். 1938-இல் அமெரிக்காவில் மவ்ரர் தம்பதியர் அதனை முறையான சிகிச்சையாக வகுத்தனர்.

ஆயினும் பகலிலும் நனைக்கும் பிள்ளைகளின் துன்பம் விளங்காமலே இருந்தது. நரம்பில் பழுதில்லை, சிறுநீர் வழியில் அடைப்பில்லை. இருந்தும் சிறுநீர்ப்பை தடித்து, சிறுநீரகங்கள் வரை சேதமுற்ற சிறுவர்களை 1973-இல் ஃபிராங்க் ஹின்மனும் பௌமனும் விவரித்தனர். பை சுருங்கும் தருணத்தில் தளர வேண்டிய வாய்த்தசை இறுகிவிடுவதே காரணமென்றும், கத்தியைக் காட்டிலும் பழக்கத்தைத் திருத்தும் பயிற்சியே பயன் தருமென்றும் ஹின்மன் கண்டது, அதுகாறும் அடைப்பைத் தேடி ரண சிகிச்சை செய்துவந்தோருக்குப் பெரும் படிப்பினையாயிற்று.

அச்சிறுவர்களிற் பலருக்கு மலச்சிக்கலும் இருந்தது. ஆனால் சிறுநீரை ஆராய்பவர் ஒருவர், குடலை ஆராய்பவர் வேறொருவர் என்று வைத்தியத் துறைகள் பிரிந்து கிடந்தமையால், ஒரே இடுப்புக்குழியில் ஒரே தசைத்தளத்தின்மேல் அமர்ந்து, முதுகுத் தண்டின் ஒரே பகுதியிலிருந்து நரம்புகளைப் பெறும் இவ்விரண்டு உறுப்புகளையும் சேர்த்து நோக்குவார் அரிதாயினர். 1980-களின் நடுவில் மான்ட்ரியல் நகரில் ஷான் ஓரீகனும் அவருடைய சகாக்களும், மலம் தேங்கி விரிந்த குடல் சிறுநீர்ப்பையை நெருக்கி அதன் அமைதியைக் குலைப்பதையும், மலச்சிக்கலைத் தீர்த்தால் நனைத்தலும் தொற்றும் தணிவதையும் எடுத்துரைத்தனர். எனிமா கொடுத்துக் குடலைக் காலி செய்வதே அவர்கள் கையாண்ட எளிய சிகிச்சை.

1997-இல் அயோவா பல்கலைக்கழகத்தின் வேரா லோனிங்-பௌக்கே வெளியிட்ட ஆய்வு இதற்கு எண்களால் வலுவூட்டியது. நாட்பட்ட மலச்சிக்கலுற்ற 234 குழந்தைகளில் 29 சதவிகிதத்தினர் பகலிலும் 34 சதவிகிதத்தினர் இரவிலும் நனைத்தனர். மலச்சிக்கல் நீங்கியவர்களுள் பகலில் நனைத்தோரில் 89 சதவிகிதத்தினருக்கும், இரவில் நனைத்தோரில் 63 சதவிகிதத்தினருக்கும் அத்தொல்லையும் நின்றுபோயிற்று. பிடிவாதம் என்றும் சோம்பல் என்றும் பெற்றோர் கடிந்துகொண்ட குழந்தைகள் இவர்களே என்பதை எண்ணினால், இந்த எண்களின் கனம் புலப்படும்.

மறு ஆண்டில் ஸ்டீபன் காஃப், சிறுநீர் மேல்நோக்கித் திரும்பும் நோயுள்ள குழந்தைகளிடத்தும் இவ்விரு கழிவுகளின் கோளாறு மறைந்திருந்து, நோய் தீர்வதைத் தாமதப்படுத்துவதை எடுத்துக்காட்டினார். 2014-இல் சர்வதேச வல்லுநர் சங்கம் வெளியிட்ட கலைச்சொல் அறிக்கை, சிறுநீர்ப்பை, குடல் ஆகிய இரண்டின் கோளாற்றையும் ஒரே பெயரின்கீழ் கொண்டுவந்தது. சிறுநீர்த் தொல்லைக்காக வரும் குழந்தையிடம் மலம் கழியும் வழக்கத்தையும் விசாரித்து, மலச்சிக்கல் உண்டாயின் அதனை முதலில் தீர்த்து, கால்கள் ஊன்றும்படி பலகையிட்டு அமரவைத்து, குறித்த வேளைகளில் அவசரமின்றிக் கழிக்கப் பழக்குவதே இப்போது வைத்தியர்கள் கைக்கொள்ளும் முறை.