அந்த அம்மாளுக்குத் தெரியாது

சரித்திரம் படிக்கும்போது கதை எழுதுகிறவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. பெரிய மனிதர்களின் பெயர்களைத் தாண்டி, பெயர் சொல்லாமல் விடப்பட்டவர்களிடம் அவன் கண் போய் நின்றுவிடும். வைத்திய சரித்திரத்தைப் புரட்டிக்கொண்டிருந்தபோது அப்படி ஓர் அம்மாளை நான் சந்தித்தேன். அவளுக்குப் பெயர் இல்லை. ஊர் உண்டு, அமெரிக்காவில் உள்ள பிலடெல்பியா. வருஷம் உண்டு, 1884. வயதும் உண்டு, 31.

அவளுடைய கணவர் வசதியுள்ள வியாபாரி. அவளைவிடப் பத்து வயது மூத்தவர். குழந்தை இல்லை என்ற குறை இருவருக்கும். அந்தக் காலத்தில் இந்தக் குறை ஒரு வீட்டில் தலைகாட்டினால் அது பெண்ணுடைய குறை என்றுதான் உலகம் எடுத்துக்கொள்ளும். அமெரிக்காவிலும் அப்படித்தான், நம் ஊரிலும் அப்படித்தான். ஆகவே ஜெபர்ஸன் வைத்தியக் கல்லூரிப் பேராசிரியர் வில்லியம் பான்கோஸ்டிடம் அவர்கள் போனபோது, பரிசோதனை முழுவதும் அந்த அம்மாளின் மேல்தான் நடந்தது. மாணவர்கள் சுற்றி நின்று பார்த்தார்கள், குறிப்பெடுத்தார்கள். அவளிடம் ஒரு குறையும் இல்லை.

அதற்குப் பிறகுதான் கணவரின் விந்தை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார்கள். அதில் உயிரணு ஒன்றுகூட இல்லை. இளமையில் ஒரு தடவை வந்து போன வெட்டை நோய், போகும்போது அவருடைய சந்ததியையும் கையோடு கொண்டு போயிருந்தது. இரண்டு மாதம் சிகிச்சை நடந்தது. பலன் இல்லை.

இந்த இடத்தில் மாணவன் ஒருவன் வேடிக்கையாக ஒரு வார்த்தை சொன்னானாம்: இனி வேலைக்காரனைத்தான் கூப்பிட வேண்டும் என்று. வேடிக்கை வினையாயிற்று. ஏதோ பரிசோதனை என்று சொல்லி அந்த அம்மாளை மறுபடியும் வரவழைத்தார்கள். குளோரோபாரம் கொடுத்து மயக்கினார்கள். வகுப்பிலேயே மிகவும் லட்சணமான மாணவன் என்று கருதப்பட்ட ஒருவனுடைய விந்தைப் பேராசிரியர் ரப்பர் பீச்சுகுழலால் உள்ளே செலுத்தினார். மயக்கம் தெளிந்து அவள் வீட்டுக்குப் போனாள். உரிய காலத்தில் ஆண் குழந்தை பிறந்தது.

பான்கோஸ்டுக்கு மனம் உறுத்தியிருக்க வேண்டும். பின்னால் கணவரைக் கூப்பிட்டு நடந்ததைச் சொல்லிவிட்டார். கணவர் கோபப்படவில்லை, சந்தோஷப்பட்டார். ஒரே ஒரு வேண்டுகோள்தான் வைத்தார்: இது மனைவிக்கு எந்தக் காலத்திலும் தெரியக் கூடாது.

தானமாகப் பெற்ற விந்தால் வைத்தியர் ஒருவர் கருவூட்டியதாக நமக்குக் கிடைத்திருக்கும் முதல் வரலாறு இதுதான். இதற்கு முன்னாலும் செயற்கை முறையில் கருவூட்டியது உண்டு. லண்டனில் ஜான் ஹன்டர் என்ற புகழ்பெற்ற ரண வைத்தியர், உடற்குறை இருந்த ஒரு ஜவுளி வியாபாரிக்கு 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்த வழியைக் காட்டினார். அமெரிக்காவில் மரியன் ஸிம்ஸ் ஆறு பெண்களிடம் 55 தடவை முயன்று ஒரே ஒரு கர்ப்பத்தைக் கண்டதாக 1866-இல் எழுதினார். அங்கெல்லாம் கணவனுடைய விந்துதான். வேற்றாள் நுழைந்தது பிலடெல்பியாவில்.

ரகசியம் 25 வருஷம் நிலைத்தது. பான்கோஸ்ட் காலமானார். 1909-இல் அடிஸன் ஹார்ட் என்ற டாக்டர், தாமும் அந்த வகுப்பில் மாணவராக இருந்தவர், ஒரு வைத்தியப் பத்திரிகைக்கு எழுதிய கடிதத்தில் எல்லாவற்றையும் போட்டு உடைத்தார். அந்தப் பையன் இப்போது நியூயார்க்கில் வியாபாரம் செய்கிறான், அவனைப் பார்த்துக் கைகுலுக்கிவிட்டு வந்தேன் என்றும் சேர்த்துக்கொண்டார். கடிதத்தில் கொஞ்சம் மசாலா சேர்த்திருந்ததாகப் பின்னால் அவரே ஒப்புக்கொண்டார். லட்சணமான அந்த மாணவர் ஹார்ட்தானோ என்று சந்தேகிக்கிறவர்களும் உண்டு. கைகுலுக்குவதற்காக ஒருவர் அவ்வளவு தூரம் போவானேன் என்று எனக்கும் தோன்றத்தான் செய்கிறது.

பத்திரிகையில் பெரிய சண்டை மூண்டது. இது தர்மமா, பாவமா, ஆண்டவனுக்கு அடுக்குமா என்று டாக்டர்கள் வாதாடினார்கள். வாதத்தின் நடுவில் நின்றதெல்லாம் கணவனின் மானமும் குலத்தின் விருத்தியும்தான். அந்த அம்மாளைக் கேட்டிருக்க வேண்டாமா என்பது அந்தச் சண்டையின் மையத்துக்கு வரவேயில்லை.

நமக்கு இந்த விஷயம் புதிதல்ல. விசித்திரவீரியன் சந்ததியின்றி மாண்டபோது சத்தியவதி வியாசரை அழைத்த கதையைப் பாட்டி மடியிலேயே கேட்டிருக்கிறோம். அம்பிகை பயந்து கண்ணை மூடிக்கொண்டாள். அம்பாலிகை வெளிறிப் போனாள். அவர்களுடைய சம்மதமும் பெரிய சம்மதம் என்று சொல்வதற்கில்லை. ஆனாலும் வரப்போவது என்ன என்று மாமியார் சொல்லியிருந்தாள். மூடிக்கொள்ளக் கண்ணாவது அவர்கள் வசம் இருந்தது. திருதராஷ்டிரனும் பாண்டுவும் யாருடைய பிள்ளைகள் என்பதை அந்தக் குலம் மறைக்கவும் இல்லை. பிலடெல்பியா அம்மாளின் கண்களைக் குளோரோபாரம் மூடியது. பிறகு அதைத் திறக்க ஒருவரும் முன்வரவில்லை.

இருபதாம் நூற்றாண்டில் நிலைமை ஒரு படி மாறியது. மனைவிக்கு விஷயம் தெரிந்தது; கணவனும் மனைவியும் கலந்து பேசித்தான் டாக்டரிடம் போனார்கள். ஆனால் ரகசியம் மட்டும் இடம் மாறி உட்கார்ந்துகொண்டது. கணவனின் நிறத்துக்கும் உடல்வாகுக்கும் ஒத்த ஆளை டாக்டர் தேடிப் பிடிப்பார். பெரும்பாலும் ஒரு வைத்திய மாணவன். சில டாக்டர்கள் கணவனுடைய விந்தையும் அதோடு கலந்துவிடுவார்கள். யாருடைய பிள்ளை என்று பெற்றவர்களே அறுதியிட்டுச் சொல்ல முடியாமல் இருக்கட்டும் என்ற கருணை அது! கர்ப்பம் நின்றதும் வேறொரு டாக்டரிடம் பிரசவத்துக்கு அனுப்புவதும் உண்டு. ஒன்றும் அறியாத அந்த டாக்டர் பிறப்புப் பத்திரத்தில் கணவன் பெயரை நல்ல மனச்சாட்சியோடு எழுதலாமல்லவா? பிறகு குறிப்பேடுகளைக் கொளுத்திவிடுவார்கள்.

இத்தனை மறைப்பும் வீண் பயத்தால் வந்ததல்ல. லண்டனில் மேரி பார்ட்டன் என்ற பெண் டாக்டரும் அவருடன் வேலை செய்தவர்களும் தங்கள் அனுபவத்தை 1945-இல் பிரிட்டிஷ் வைத்தியப் பத்திரிகையில் வெளியிட்டதும் நாடு கொதித்தது. 1948-இல் கான்டர்பரி ஆர்ச்பிஷப் நியமித்த குழு, இதைக் குற்றமாகவே ஆக்க வேண்டும் என்றது. 1954-இல் சிகாகோவில் ஒரு நீதிபதி, கணவன் சம்மதித்திருந்தாலும் இது விபசாரமே, பிறந்த குழந்தை முறைதவறிப் பிறந்ததே என்று தீர்ப்புச் சொன்னார். 1958-இல் ஸ்காட்லாந்தில் வீட்லி பிரபு, ஆணும் பெண்ணும் கூடாத இடத்தில் விபசாரம் ஏது என்று கேட்டு வேறு விதமாகத் தீர்த்தார். சட்டம் ஊருக்கு ஊர் இப்படி மாறிக் கிடக்கும்போது, தொட்டிலில் கிடக்கும் குழந்தைக்காகத் தாயும் தகப்பனும் வாயை மூடிக்கொண்டது ஆச்சரியமா? அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

1964-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலம், தம்பதிகள் இருவரும் எழுத்தில் சம்மதித்துப் பிறந்த குழந்தை முறையான குழந்தையே என்று சட்டம் இயற்றியது. பிரிட்டனில் அந்த நியாயம் கிடைக்க 1987 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவரையில் தன் பெயரைத் தகப்பன் என்று பதிவு செய்த ஒவ்வொரு கணவனும் சட்டத்தின் கண்ணில் பொய் சொன்னவனே.

மானம் காப்பாற்றப்பட்ட பிறகுதான் மற்றொரு குரல் கேட்கத் தொடங்கியது. அது குழந்தைகளின் குரல். வளர்ந்துவிட்ட குழந்தைகள்! தகப்பன் சாவுக்குப் பிறகோ, குடும்பச் சண்டையின் நடுவிலோ, சம்பந்தமில்லாத யாரோ ஒருவர் வாயிலிருந்தோ உண்மையைத் தெரிந்துகொண்டவர்கள். வளர்த்த தகப்பனை அவர்கள் வெறுத்தார்கள் என்று எண்ண வேண்டாம். அவர்களில் பலருடைய மனத்தாங்கல், வேறொருவர் விந்தில் பிறந்தது பற்றியல்ல. தன் வீட்டிலேயே தன்னைப் பற்றித் தனக்கு மட்டும் தெரியாமல் இருந்தது பற்றி.

அந்தக் குரலை முதலில் மதித்த நாடு ஸ்வீடன். விந்து தானம் செய்தவர் யார் என்று வளர்ந்த குழந்தை கேட்டறியும் உரிமையை 1985-இல் அது கொடுத்தது. 2005 ஏப்ரல் முதல் பிரிட்டனும் அந்த வழிக்கு வந்தது. அதன்பின் தானம் செய்தவர்களின் பெயரை, பிறந்த பிள்ளைகள் 18 வயதில் கேட்கலாம். 2023-இல் அந்த வயதை முதல் பிள்ளைகள் எட்டினார்கள். நம் நாட்டில் 2021-இல் வந்த சட்டம், சம்பந்தப்பட்டவர்களின் எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் சிகிச்சை கூடாது என்கிறது. பிறக்கும் குழந்தை அந்தத் தம்பதியின் சொந்தக் குழந்தையே என்கிறது. தானம் செய்தவருக்கு 21 முதல் 55 வரை வயதும் விதித்திருக்கிறது. அவர் யார் என்பதை மட்டும் மறைத்தே வைக்கிறது.

சட்டம் மறைத்தாலும் விஞ்ஞானம் மறைக்க விடுமா? எச்சிலைக் குப்பியில் துப்பித் தபாலில் அனுப்பினால், முன்பின் அறியாத அண்ணன் தம்பிகளின் பட்டியல் வந்து சேரும் காலம் இது. பான்கோஸ்டின் ஆறு மாணவர்களும் செய்த சத்தியத்தை இன்று ஒரு காகிதத் துண்டு முறித்துவிடும்.

இன்று ஒரு தம்பதி டாக்டரின் அறைக்கு வெளியே கைகோத்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கணவனுக்குத்தான் குறை என்று தெரிந்துவிட்டது. உயிரணு சிலவே இருந்தாலும் ஒன்றைப் பொறுக்கி முட்டைக்குள் செலுத்தும் வித்தை 1992 முதல் இருக்கிறது. அதுவும் கைகூடாதவர்களுக்குத்தான் பெரும்பாலும் இந்தத் தானம். அந்த மனிதன் எழுந்து கையெழுத்துப் போடும்போது உள்ளே எதையோ அடக்கம் செய்துவிட்டுத்தான் போடுகிறான். அதைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் இருக்கும் மனைவிக்கும் அந்தத் துக்கத்தில் பங்கு உண்டு. ஆனால் இருவரும் விழித்திருக்கிறார்கள்; இருவருக்கும் தெரிந்திருக்கிறது. பிலடெல்பியா தம்பதிக்கு அது கிடைக்கவில்லை. மகனை மடியில் வைத்துக்கொண்டு, இவனுக்கு யார் ஜாடை என்று அந்த அம்மாள் எத்தனை தடவை கணவரைக் கேட்டிருப்பாளோ! ஒவ்வொரு தடவையும் அந்த மனிதர் என்ன பதில் சொல்லியிருப்பார்?

அந்தப் பதில் எந்த வைத்தியப் பத்திரிகையிலும் இல்லை. இரண்டாவது நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இன்று எல்லாம் தெரிகிறது. மூன்றாவதாக ஒரு சின்ன நாற்காலி இருக்கிறது. அதில் உட்காரப் போகிறவன் ஒரு நாள் கேட்பான். அவன் கேட்பதற்கு முன்னால், தாயும் தகப்பனும் சேர்ந்து உட்கார்ந்து, ஒரு கதையைப் போல மெல்லச் சொல்லிவிட்டால் நல்லது.