காட்டலும் காத்தலும்

சென்ற ஆண்டு விழாவன்று நம் சங்க மண்டபத்தில் நிகழ்ந்த ஒன்றை முதற்கண் கூறுகின்றேன். அயலூரிலிருந்து வந்திருந்த முதியவர் ஒருவர், சுவரிற் கண்ணாடிச் சட்டத்துள் தொங்கும் நம் சங்கத்தின் முதல் தீர்மானத் தாளின்முன் நெடுநேரம் நின்றார். அதன் அடியிற் கையொப்பமிட்ட முன்னோருள் தம் பாட்டனாரும் ஒருவர் எனக் கேட்டு வளர்ந்தவர் அவர். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தும் அப்பெயர் அவர்க்குப் புலப்படவில்லை. எதிரிலுள்ள கீழைச் சாளரத்தின் வழியே நாள்தோறும் புகும் வெயில் அவ்வரிகளை உண்டுவிட்டது. "வாத்தியாரையா, நீங்களாவது படித்துச் சொல்லுங்கள்" என்றார். என்னாலும் படிக்க இயலவில்லை.

அதுமுதல் நம்மவரிடையே இருவேறு கருத்து எழுந்துளது. தாளைக் கழற்றி இரும்புப் பெட்டியிற் பூட்டிவிடல் வேண்டும் என்பர் ஒரு சாரார். பெட்டியுட் புகுந்த ஏட்டை மீண்டும் கண்டார் யார், அனைவர்க்கும் உரியதனை அனைவரும் காண வைத்தலே முறை என்பர் மற்றொரு சாரார். இரு சாராரும் சங்கத்தின் நலங் கருதியே உரைக்கின்றனர். இவ்வழக்கு நமக்கு மட்டும் உரியதன்று. பேரரசு ஒன்று தன் பிறப்பு ஆவணத்தைக் குறித்து இதே வழக்கில் நூறாண்டுக்கு மேல் இடர்ப்பட்டு, இழக்கத் தகாததை இழந்து, அதன் பின்னரே வழி கண்டது. அவ்வரலாற்றை அறிந்து பின்னர் நாம் முடிவு செய்தல் நன்று.

வட அமெரிக்காவில் ஆங்கில அரசின் கீழிருந்த 13 குடியேற்றங்கள் 1776-ஆம் ஆண்டு ஜூலை 4-ஆம் நாள் தம் சுதந்திரப் பிரகடனத்தை ஏற்றன. அதனைப் பதப்படுத்திய தோலில் அழகுற எழுதுமாறு அவர்தம் காங்கிரஸ் அம்மாதம் 19-ஆம் நாள் ஆணையிட்டது. ஆகஸ்டு 2-ஆம் நாள் தொடங்கி உறுப்பினர் கையொப்பமிட்டனர். இட்டவர் 56 பேர். மையோ மாசிக்காயும் அன்னபேதியும் சேர்த்து இறக்கிய கரிய மை. போர்க்காலத்திற் காங்கிரஸ் ஊர் ஊராக இடம் பெயர்ந்தபோது, அத்தோலும் பாய்போற் சுருட்டப்பட்டு உடன் சென்றது. விரித்தலும் சுருட்டலுமாகிய அவ்வுழைப்பே அதற்கு நேர்ந்த முதற் கேடு.

1814-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஆங்கிலப் படை தலைநகராகிய வாஷிங்டனை நோக்கி வந்தது. அயல்நாட்டுத் துறை அலுவலகத்தில் ஸ்டீவன் பிளெசன்டன் என்னும் குமாஸ்தா இருந்தார். அவர் முரட்டுத் துணி வாங்கிப் பைகள் தைப்பித்து, பிரகடனத்தையும் பிற ஆவணங்களையும் அவற்றுள் இட்டுக் கட்டினார். அவ்வழியே சென்ற போர் அமைச்சர், இவ்வளவு அச்சம் வேண்டுவதில்லை என்றாராம். குமாஸ்தா தம் கடமையை நிறுத்தினாரல்லர். பைகளை வண்டியிலேற்றிப் பொட்டோமக் ஆற்றைக் கடந்து, வழங்காதொழிந்த ஒரு மாவாலையில் வைத்தார். அவ்விடமும் தக்கதன்று என்று கருதி, 35 மைல் தொலைவிலுள்ள லீஸ்பர்க் என்னும் ஊருக்குக் கொண்டு சென்று, ஆளில்லாத வீடொன்றிற் பூட்டினார். ஆகஸ்டு 24-ஆம் நாள் இரவு, தலைநகரின் அரசாங்க மாளிகைகள் தீக்கிரையாயின; ஆவணங்கள் பிழைத்தன. அமைச்சர் அசட்டை செய்ததனை ஒரு குமாஸ்தா காத்தார் என்பதை நாம் மறத்தலாகாது.

பகைவரிடமிருந்து தப்பிய அவ்வேடு அன்பரிடமிருந்து தப்பவில்லை. இதுவே இவ்வரலாற்றின் உயிர்நிலை. 1841-ஆம் ஆண்டில், மக்கள் அனைவரும் கண்டு மகிழுமாறு, அதனைச் சட்டமிட்டுப் பேட்டண்டு ஆபீஸ் என்னும் அலுவலகத்தின் புதிய மாளிகைச் சுவரில் தொங்கவிட்டனர். எதிரே பெரியதொரு சாளரம். 35 ஆண்டுகள் அது அவ்வொளியில் நின்றது. 1876-இல், நூற்றாண்டு விழாவிற்காகப் பிலடெல்பியா நகருக்குக் கொண்டு சென்றபோது, திரளாக வந்து கண்ட மக்கள் திடுக்கிட்டனர். கையொப்பங்களுட் பல பெயரளவாகவும் எஞ்சவில்லை. தீயும் நீரும் செய்யாததனைச் சாளரத்து வெளிச்சம் ஓசையின்றிச் செய்து முடித்தது.

இனி, இதனோடு ஒப்புநோக்கத்தக்க மற்றொன்று உண்டு. அந்நாட்டின் அரசியலமைப்புச் சட்டம் 1787-ஆம் ஆண்டு செப்டம்பர் 17-ஆம் நாள் கையொப்பமாயிற்று. அதுவும் அதே வகைத் தோலில் எழுதப்பட்டது. ஆயினும் அதனைச் சுவரில் தொங்கவிட எவரும் எண்ணவில்லை. அது தகரப் பெட்டியொன்றில் மடித்து வைக்கப்பட்டுக் கவனிப்பாரற்றுக் கிடந்தது. அதனாலேயே அதன் எழுத்து இன்றும் கருமை குன்றாது நிற்கின்றது. பெரிதும் போற்றப்பட்டது மங்கியது, மறக்கப்பட்டது பிழைத்தது. அங்ஙனமாயின் மறத்தலே காத்தலோ எனின், அன்று. தகரப் பெட்டியிற் கிடந்த காலத்தில் அஃது இருப்பதே பொதுமக்களுட் பலர் அறியார். எவரும் காணாத ஆவணம் அதனைப் பூட்டி வைத்திருப்பவரின் வாய்ச்சொல் ஆகிவிடும். அதில் உள்ளது இதுவென்று அவர் உரைப்பதே சட்டமாகும்; இல்லையென மறுக்கப் பிறர்க்கு வழியிராது.

நிற்க. 1894-ஆம் ஆண்டில் பிரகடனத்தை ஒளி புகாத இரும்புப் பேழையுள் வைத்துவிட்டனர். 1903-இல் ஆராய்ந்த அறிஞர் குழுவும், இருளிலும் ஈரமின்றியும் வைத்து எவர்க்கும் காட்டாதிருத்தலே தக்கதென்றது. ஆயினும் தம் நாட்டின் பிறப்பேட்டை மக்கள் ஒருபோதும் காணாதிருத்தல் கூடுமோ? 1921-இல் இரு ஆவணங்களும் காங்கிரஸ் நூல்நிலையத்திற்கு மாற்றப்பட்டன. அதன் தலைவராகிய ஹெர்பர்ட் புட்னம் இரண்டு கண்ணாடிகளுக்கிடையே மஞ்சள் நிறப் படலம் அமைத்து, கேடு செய்யும் கதிர்களைத் தடுத்து, 1924-இல் மீண்டும் காட்சிக்கு வைத்தார். காத்துக்கொண்டே காட்டுதல் என்னும் நெறி அங்குத் தொடங்கியது.

இரண்டாம் உலகப் போர் அந்நாட்டை எட்டியதும், 1941-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள், இரு ஆவணங்களும் காவலுடன் இரயிலேறிக் கெண்டக்கி மாகாணத்தில் பொன் சேமிக்கும் நாக்ஸ் கோட்டைக்குச் சென்றன, 1944-இல் மீண்டன. 1952-ஆம் ஆண்டு டிசம்பர் முதல், அவை தேசிய ஆவணக் களரியில் உள்ளன. அன்று ஹீலியம் என்னும் வாயு நிரப்பி முத்திரையிட்ட கண்ணாடிப் பேழைகளுள் வைத்தனர். 1995-இல் அக்கண்ணாடியிலும் மாறுதல் காணப்பட்டது. ஆகவே 2001-இல் கூடத்தை மூடி, ஆர்கன் என்னும் வாயு நிரப்பிய புதிய பேழைகள் அமைத்து, 2003-இல் திறந்தனர். அதற்குமுன் முதலும் இறுதியுமாகிய இரண்டு தாள்களே காட்டப்பட்டுவந்த அரசியலமைப்புச் சட்டம், அதுமுதல் நான்கு தாள்களும் காணக் கிடைத்தது. மங்கிய விளக்கொளியிலேயே காணலாம். ஒளிப்படம் எடுத்தலையும் 2010-இல் தடுத்தனர்.

இவற்றினும் நாம் உற்று நோக்கத்தக்க செயல் ஒன்று உண்டு. எழுத்து முற்றும் மங்குமுன்னரே, 1820-இல், அயல்நாட்டு அமைச்சராயிருந்த ஜான் குவின்சி ஆடம்ஸ், வில்லியம் ஸ்டோன் என்னும் செதுக்காளரைக் கொண்டு பிரகடனத்தை அதே அளவில் செப்புத்தகட்டிற் செதுக்குவித்தார். அத்தகடு 1823-இல் முடிந்தது. இன்று நூல்களில் நாம் காணும் பிரகடனத்தின் வடிவம் பெரும்பாலும் அதிலிருந்து வந்ததே. மூலம் முகம் மங்கியபோது படி அம்முகத்தைக் காத்தது.

நம் பாரத நாடு இப்பாடத்தைத் தொடக்கத்திலேயே கைக்கொண்டது எனலாம். 1950-ஆம் ஆண்டு ஜனவரி 24-ஆம் நாள் கையொப்பமான நம் அரசியலமைப்பின் ஆங்கில மூலத்தைப் பிரேம் பிஹாரி நாராயண் ராய்ஜாதா தம் கையால் எழுதினார். நந்தலால் வசுவும் அவர்தம் மாணவரும் சித்திரம் தீட்டினர். அது தில்லிப் பாராளுமன்ற நூல்நிலையத்தில் வாயு நிரப்பிய பேழையில் உறைகின்றது. அதனைப் போலவே அச்சிட்ட படிகள் பல இடங்களிற் பரவியுள்ளன.

இவ்வரலாற்றால் விளங்குவது யாது? காட்டலும் காத்தலும் ஒன்றற்கொன்று பகையல்ல. மூலத்திற்கு ஒரு கடமையும் படிக்கு ஒரு கடமையும் வகுத்துத் தராமையே பகையாகும். ஒளி செய்த கேடு மீளாது. நோயாளி தேறுவது போல ஏடு தேறுவதில்லை. இருளில் வைத்தால் கேடு வளராது நிற்கும், அவ்வளவே. ஆதலின் காலந் தாழ்த்தல் தகாது.

நம் சங்கத்தார்க்கு என் விண்ணப்பம் இது. தாளை இப்பொழுதே சுவரினின்றும் இறக்குக. அதனைத் துடைத்தலும், பசையிட்டு ஒட்டுதலும், மங்கிய எழுத்தின்மேல் புதுமை பூசுதலும் வேண்டா. சுருட்டாமலும் மடியாமலும் விரித்தபடியே, ஈரமும் வெளிச்சமும் புகாத பெட்டியில் வைத்து, சாவியை இருவர் பொறுப்பில் ஒப்புவிக்குக. அதே அளவிற் படமெடுத்து, அப்படியைச் சுவரில் மாட்டுக. ஒரு படியை இவ்விதழில் வெளியிடுக. ஆண்டு விழாவன்று ஒரு நாள், வெயில் படாத இடத்தில், மூலத்தை எல்லார் முன்னும் திறந்து காட்டுக. அந்நாளில் ஏழையும் செல்வரும், பெண்டிரும் சிறாரும், ஒரே வரிசையில் நின்று காணட்டும்.

மங்கிய மையைப் புற ஊதாக் கதிரின்கீழ் வைத்துப் படித்தறியும் முறையும் இன்று உண்டு. அதனால் அம்முதியவர் தேடிய பெயர் ஒருகால் புலப்படலாம். புலப்படாதொழியினும், கையொப்பமிட்டோரின் வழித்தோன்றல்கள் தத்தம் வீட்டார் சொல்லக் கேட்ட பெயர்களைச் சங்கத்திற்கு எழுதியனுப்புவாராக. அப்பெயர்களை நினைவில் வைத்திருக்கும் முதியோர் நம்மிடையே மிகச் சிலரே உளர். தாளினின்றும் மறைந்தவை அவர் நெஞ்சினின்றும் மறையுமுன் எழுதி வைத்தல் நம் கடன்.