பொறிமனையும் பொன்வயலும்

இங்கிலாந்தின் கார்ன்வாலில் வெள்ளீயச் சுரங்கங்களின் பொறிமனைகள் பல இன்று கூரையிழந்து நிற்கின்றன. சுரங்கநீரை இறைத்த நீராவிப் பொறிக்கெனக் கல்லால் எழுப்பப்பெற்றவை அவை. சுரங்கவாயை நோக்கிய சுவர் மட்டும் மிகத் தடித்தது. மாபெரும் இரும்புத் துலா அதன்மீதன்றோ அமர்ந்து ஆடிற்று! துலாவின் ஒரு பாதி மனைக்குள். மறுபாதி சுரங்கவாய்க்கு மேல். நம் ஊர் ஏற்றத்தை நினைவுகூர்ந்தால் போதும். ஒட்டி உயர்ந்த உருண்ட புகைபோக்கியும், குதுப் மினாரைக் கண்டு பழகிய தில்லித் தமிழராகிய நமக்குப் பெருவியப்பன்று.

அத்தொழில் நலிந்தபோது அந்நாட்டுச் சுரங்கத்தார் பலர் கோலார் தங்கவயலுக்கு வந்தனர். 1880இல் அங்குப் பொறுப்பேற்ற ஜான் டெய்லர் நிறுவனத்தில் மேற்பார்வை அவர்களுடையது. ஆழத்தில் இறங்கிய உடல்களோ பெரும்பாலும் வடார்க்காடு முதலிய மாவட்டத் தமிழருடையவை. 1902இல் சிவசமுத்திர மின்சாரம் வந்தது. 3 கிலோமீட்டருக்கும் கீழே சென்ற சுரங்கம் 2001இல் மூடப்பெற்றது.

கார்ன்வால் பொறிமனைகளை யுனெஸ்கோ 2006இல் உலக மரபுச் சின்னமாக ஏற்றது. நம்மவர் இறங்கிய கோலார்ச் சுரங்கக் கோபுரங்கள் துருவேறி நிற்கின்றன.