மனாசே கோத்திரத்தின் ஐந்து மகள்களும் செங்கோட்டை எல்லையும்



பைபிளில் வரும் இஸ்ரவேலின் 12 கோத்திரங்கள் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது யூதாவும் லேவியும்தான். தாவீது ராஜா யூதா கோத்திரம், ஆசாரியர்கள் லேவி கோத்திரம். மனாசே கோத்திரத்தை யாரும் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. ஆனால் "பெண்ணுக்குச் சொத்து உண்டா, இல்லையா?" என்ற கேள்வி பைபிளில் எழுந்தது இந்தக் கோத்திரத்தில்தான். அதே கேள்விக்கு நம் தென்காசி, குற்றாலம் பக்கத்தில் சில கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு விதமான பதில் இருந்தது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. இரண்டையும் சேர்த்துப் பார்ப்போம்.

மனாசே யார்?

யாக்கோபின் மகன் யோசேப்பு. எகிப்தில் அவருக்குப் பிறந்த மூத்த மகன் மனாசே, இளையவன் எப்பிராயீம். மனாசே என்ற எபிரேயப் பெயருக்கு "மறக்கச் செய்தல்" என்று பொருள் சொல்வார்கள். பட்ட துன்பத்தைக் கடவுள் மறக்கச் செய்தார் என்று யோசேப்பு வைத்த பெயர் இது. தாத்தா யாக்கோபு ஆசீர்வதிக்கும்போது கைகளைக் குறுக்காக மாற்றி, வலது கையை இளையவன் தலையில் வைத்துவிட்டார் (ஆதியாகமம் 48). அதாவது மூத்தவனாகப் பிறந்தும் முதலிடம் கிடைக்காதவன் மனாசே. யாருக்கு முதல் உரிமை என்ற கேள்வி இந்தக் கோத்திரத்தோடு ஆரம்பத்திலிருந்தே ஒட்டிக்கொண்டு வருகிறது.

பிற்காலத்தில் இந்தக் கோத்திரத்தில் பாதிப்பேர் யோர்தான் நதிக்குக் கிழக்கேயும், மீதிப்பேர் மேற்கேயும் குடியேறினார்கள். கி.மு. 722 வாக்கில் அசீரியர்கள் வட இஸ்ரவேலை வீழ்த்தியபோது சிதறிப்போனதாகச் சொல்லப்படும் "காணாமல் போன கோத்திரங்களில்" மனாசேயும் ஒன்று. மிசோரம், மணிப்பூர் மாநிலங்களில் வாழும் "ப்னே மெனாஷே" மக்கள் தங்களை இந்தக் கோத்திரத்தின் வழிவந்தவர்கள் என்கிறார்கள். 2005ல் இஸ்ரேலின் தலைமை ரபி ஷ்லோமோ அமார் அதை ஏற்றுக்கொண்டார். அதன் பிறகு ஆயிரக்கணக்கானோர் இஸ்ரேலில் குடியேறியிருக்கிறார்கள்.

ஐந்து பெண்களின் வழக்கு

எண்ணாகமம் 27ஆம் அதிகாரத்துக்கு வருவோம். மனாசே கோத்திரத்தைச் சேர்ந்த செலோப்பியாத் வனாந்தரத்தில் இறந்துபோனார். அவருக்கு ஆண் வாரிசு இல்லை. மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள் என்று ஐந்து மகள்கள் மட்டும்தான். தேசத்தைப் பங்கு போட்டால் இவர்கள் வீட்டுக்கு ஒரு சாண் நிலம்கூடக் கிடைக்காது.

ஐந்து பேரும் மோசே, ஆசாரியன் எலெயாசார், தலைவர்கள், மொத்த சபை எல்லோர் முன்னாலும் வந்து நின்றார்கள். மகன் இல்லை என்பதற்காக எங்கள் அப்பாவின் பெயர் ஏன் அழிய வேண்டும் என்று கேட்டார்கள். மோசேயிடம் அதற்குப் பதில் இல்லை. அவர் கடவுளிடம் கேட்டார். அந்தப் பெண்கள் சொல்வது சரி என்று பதில் வந்தது. மகன் இல்லாவிட்டால் மகளுக்குச் சொத்து என்பது சட்டமாகவே ஆனது.

கதை அதோடு முடியவில்லை. 36ஆம் அதிகாரத்தில் அதே குலத்தின் பெரியவர்கள் வந்து, "இந்தப் பெண்கள் வேறு கோத்திரத்தில் கல்யாணம் செய்தால் நிலம் வெளியே போய்விடுமே!" என்று முறையிட்டார்கள். எனவே சொந்தக் கோத்திரத்துக்குள்ளேதான் மணமுடிக்க வேண்டும் என்று நிபந்தனை வந்தது. அவர்களும் சித்தப்பா, பெரியப்பா பிள்ளைகளையே மணந்தார்கள். அதன் பிறகும் நிலம் தானாக வந்துவிடவில்லை. யோசுவா காலத்தில் மறுபடியும் நேரில் போய்க் கேட்டுத்தான் வாங்கினார்கள் (யோசுவா 17).

சரித்திரத்திலும் இதற்கு ஒரு தடயம் உண்டு. 1910ல் சமாரியாவில் நடந்த அகழாய்வில் மையால் எழுதிய பானை ஓடுகள் கிடைத்தன. கி.மு. 8ஆம் நூற்றாண்டில் திராட்சை ரசமும் எண்ணெயும் வந்த கணக்கு அது. அதில் மனாசே பகுதியின் வட்டாரப் பெயர்களாக நோவாள், ஒக்லாள் இரண்டும் இருக்கின்றன! ஊர்ப் பெயரிலிருந்து கதை வந்ததா, கதையிலிருந்து ஊர்ப் பெயர் வந்ததா என்று அறிஞர்கள் விவாதிக்கிறார்கள். எப்படியானாலும் அந்த மண்ணில் அந்தப் பெயர்கள் நிலைத்திருந்தன.

நம் ஊர்ப் பக்கம்

இனி நம் ஊருக்கு வருவோம். வெள்ளைக்காரர் காலத்தில் தென்காசியும் குற்றாலமும் திருநெல்வேலி ஜில்லா. பக்கத்திலிருக்கும் செங்கோட்டையோ திருவிதாங்கூர் சமஸ்தானம். 1956 நவம்பர் 1ல்தான் செங்கோட்டை தமிழ்நாட்டோடு (அன்றைய சென்னை மாநிலத்தோடு) சேர்ந்தது.

பிரிட்டிஷ் பகுதியில் 1865ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டமும், பிறகு 1925ஆம் ஆண்டுச் சட்டமும் இருந்தன. உயில் எழுதாமல் இறந்த கிறிஸ்தவரின் மகனுக்கும் மகளுக்கும் அவற்றின்படி சம பங்கு. திருவிதாங்கூரில் 1916ல் தனியாக ஒரு கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டம் வந்தது. அதன்படி மகளுக்கு மகன் பங்கில் நாலில் ஒன்று அல்லது 5000 ரூபாய், இதில் எது குறைவோ அது. சீதனம் கொடுத்திருந்தால் அதுவும் கிடையாது. (சம பங்கு வழக்கம் இருந்த சில பிரிவினருக்கு மட்டும் விலக்கு உண்டு.)

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். தாய் இல்லை, ஒரு மகன், ஒரு மகள், சொத்து 1 லட்சம் ரூபாய். தென்காசியில் ஆளுக்கு 50,000. செங்கோட்டையில் அந்தச் சட்டப்படி மகளுக்கு 5000, மகனுக்கு 95,000! ஒரே மொழி, ஒரே வேதம், ஒரே எண்ணாகமம். கோடு மட்டும்தான் வேறு.

இதை உடைத்தவர் கோட்டயத்தில் பள்ளி நடத்திய மேரி ராய் (எழுத்தாளர் அருந்ததி ராயின் தாயார்). அவர் போட்ட வழக்கில் 1986 பிப்ரவரி 24ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 1951 ஏப்ரல் 1 முதலே திருவிதாங்கூர்-கொச்சிப் பகுதிக்கு இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான் பொருந்தும் என்றது. அந்த தேதியில் செங்கோட்டையும் திருவிதாங்கூர்-கொச்சிக்குள்தான் இருந்தது. இந்துப் பெண்களுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் தமிழ்நாடு 1989லும், மத்திய அரசு 2005லும் உரிமை கொடுத்தன.

ஆன்மீகச் செய்தி என்ன?

மனாசே கோத்திரம் சொல்லும் செய்தி இதுதான் என்று நினைக்கிறேன். சட்டம் கடவுளிடமிருந்து வந்தது என்று நம்பிய சமூகத்திலேயே, "இது நியாயமா?" என்று கேட்க இடம் இருந்தது. கேட்டது பாவம் ஆகவில்லை, சட்டம்தான் மாறியது. அதே சமயம் அது பாதி வெற்றிதான் என்பதையும் மறைக்கக் கூடாது. கூடப்பிறந்த ஒரு சகோதரன் இருந்திருந்தால் அந்த ஐந்து பேருக்கும் ஒன்றும் கிடைத்திருக்காது.

"நிலம் வெளியே போய்விடும்" என்று கீலேயாத் பெரியவர்கள் சொன்னது இன்றும் நம் வீடுகளில் கேட்கிறது. "உனக்குத்தான் நகை போட்டு, சீர் செய்தாச்சே" என்று சொல்லி அக்கா தங்கைகளைச் சார்பதிவாளர் அலுவலகத்துக்குக் கூட்டிப்போய் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குவது எல்லா மதத்திலும் நடக்கிறது. சட்டம் வந்த பிறகும் அந்த ஐந்து பெண்கள் யோசுவாவிடம் இரண்டாம் முறை போய்க் கேட்க வேண்டியிருந்தது. நம் வீட்டுப் பெண்கள் அப்படிக் கேட்கும்போது அதைப் பேராசை என்று சொல்லாமல் இருப்போமா?