ஒரு நூலும் ஓர் ஆகஸ்ட் மாதமும்

தமிழினியின் 'ஒரு கூர்வாளின் நிழலில்' 2016 பெப்ரவரியில் காலச்சுவடு வெளியீடாக வந்தபோது அதை எழுதியவர் உயிருடன் இல்லை. விடுதலைப் புலிகளின் மகளிர் அரசியல்துறைப் பொறுப்பாளராக இருந்து, 2009 இல் கைதாகி, சிறையும் புனர்வாழ்வும் கண்டு, 2015 ஒக்டோபரில் புற்றுநோயால் மறைந்தவர் அவர். துரோகம் என்றனர் சிலர். அவர் எழுதியதே அல்ல என்றனர் வேறு சிலர். சாமிநாதன் விமலின் மொழிபெயர்ப்பில் சிங்கள வாசகரும் அதை விரும்பிப் படித்தனர். நான் எங்கள் கல்முனைக் கரையில் கண்டது வேறொரு வாசிப்பு.

என் பிரதியை முதலில் வாங்கிச் சென்றவர் மருதமுனையைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியர். தறிச் சத்தத்தின் நடுவே வளர்ந்தவர். மூன்றாம் நாள் திருப்பித் தந்தார். சிறைப் பகுதியைப் படித்து அழுததாகச் சொன்னார். பிறகு, "தொண்ணூறாம் ஆண்டு ஆகஸ்டைத்தான் தேடினன், தம்பி" என்றார். 1990 ஆகஸ்ட் 3 ஆம் திகதி காத்தான்குடியின் இரு பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகையில் நின்ற 100 க்கும் மேற்பட்டோரைப் புலிகள் கொன்றனர். அவருடைய மச்சான் அவர்களுள் ஒருவர்.

தமிழினி இயக்கத்தில் சேர்ந்தது 1991 இல். அந்த இரவுக்கு அவர் நேர்ச்சாட்சி அல்லர் என்றேன்.

"தெரியும் தம்பி. உண்மை சொல்லத் துணிஞ்ச ஒரு ஆள் கிடைச்சா, நம்மட ஊட்டுக் கணக்கையும் அவருக்கிட்டதானே கேக்கத் தோணுது."

அதே பிரதி அடுத்துப் பாண்டிருப்பிலுள்ள தமிழ் நண்பரிடம் போனது. அவருக்கும் நினைவில் வந்தது அதே ஆகஸ்ட். திகதி மட்டும் வேறு. 12 ஆம் திகதி, சம்மாந்துறையை அடுத்த வீரமுனைப் பிள்ளையார் கோயிலில் அடைக்கலம் புகுந்திருந்த தமிழர்கள் கொல்லப்பட்டனர். கொன்றோருள் முஸ்லிம் ஊர்காவல் படையினர் இருந்தனர். "அந்தப் படையில இருந்த ஒராளாவது இப்படி ஒரு புத்தகம் எழுதினதா?" என்று நண்பர் கேட்டார்.

என்னிடம் பதில் இல்லை. இயக்கங்களுக்குள் இருந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். புஷ்பராஜாவின் 'ஈழப் போராட்டத்தில் எனது சாட்சியம்' 2003 இலேயே வந்துவிட்டது. எங்கள் ஊர்களில் ஊர்காவல் துப்பாக்கி ஏந்தியவர் எவரும் அவ்வாறு எழுதி நான் வாசித்ததில்லை. அவர்களுள் ஒருவர் என்னுடன் பள்ளியில் படித்தவர். ஒரு மாலை, தேநீர்க் கடையில், வீரமுனை என்ற பெயரை எடுத்தேன். தொழுகைக்கு நேரமாகிறது என்று எழுந்து போனார். பாங்கு சொல்ல இன்னும் அரை மணி இருந்தது.

கேள்வி கேட்டே பிழைத்த நான் அவரிடம் மறுமுறை கேட்கவில்லை.