தானியங்கி ஒளிப்படக் காப்பு

தானியங்கி ஒளிப்படக் காப்பு என்பது திறன்பேசியில் எடுக்கப்படும் ஒளிப்படங்களும் நிகழ்படங்களும், பயனர் ஒவ்வொரு முறையும் கட்டளை இடாமலே, பின்னணியில் இணையம் வழியாக மேகச் சேமிப்பகத்திற்கு நகலெடுக்கப்படும் முறை ஆகும். கைபேசி தொலைந்தாலும் பழுதானாலும் நீரில் விழுந்தாலும் படங்கள் எஞ்சியிருக்க வேண்டும் என்பதே இதன் நோக்கம். கூகுள் போட்டோஸ், ஆப்பிளின் ஐக்ளவுட் ஆகியவை இவ்வகையில் பரவலாக அறியப்பட்ட சேவைகள்.

வரலாறு

2011 ஆம் ஆண்டில் கூகுள் பிளஸ் செயலியின் உடனடிப் பதிவேற்ற வசதியும் ஆப்பிளின் ஐக்ளவுட்டும் அறிமுகமாயின. 2015 மே மாதத்தில் கூகுள் போட்டோஸ் தனிச் சேவையாக வெளிவந்தது. 16 மெகாபிக்சல் வரை சுருக்கப்பட்ட படங்களை அது வரம்பின்றி இலவசமாக ஏற்றது. இச்சலுகை 2021 சூன் 1 அன்று முடிவுற்றது. அதன் பின் ஏற்றப்படும் படங்கள், மின்னஞ்சலுக்கும் பிற கோப்புகளுக்கும் பொதுவான 15 ஜிபி இலவச இடத்தில் கணக்கிடப்படுகின்றன. ஐக்ளவுட் இலவசமாகத் தருவது 5 ஜிபி.

செயற்படும் முறை

புதிய படம் ஒன்று நினைவகத்தில் சேர்ந்ததும் இயக்குதளம் அதனைக் காப்புச் செயலிக்குத் தெரிவிக்கிறது. செயலி அக்கோப்பிலிருந்து கைரேகை போன்றதொரு எண்ணைக் கணக்கிட்டு, அதே கோப்பு வழங்கியில் முன்பே உள்ளதா எனப் பார்க்கும். இல்லையெனில் படம் வரிசையில் சேர்க்கப்படும். வைஃபை இணைப்பு, மின்கல இருப்பு முதலிய நிபந்தனைகள் நிறைவேறும்போது கோப்பு துண்டு துண்டாக அனுப்பப்படுகிறது. இடையில் இணைப்பு அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

"தானியங்கி" என்ற சொல் இங்கே சற்று ஏமாற்றக்கூடியது. ஐபோனில் பிற நிறுவனச் செயலிகள் பின்னணியில் எப்போது இயங்கலாம் என்பதை இயக்குதளமே முடிவு செய்கிறது. ஆண்ட்ராய்டுக் கைபேசிகள் பலவற்றில் மின்கலத்தைச் சேமிக்கும் அமைப்பு பின்னணிச் செயலிகளை நிறுத்திவிடுகிறது. இலவச இடம் நிரம்பினாலும் பதிவேற்றம் நின்றுவிடும். இவ்வாறு மாதக்கணக்கில் நின்று போயிருப்பதைப் பயனர் பெரும்பாலும் கைபேசி தொலைந்த பிறகே அறிகிறார்.

நேரக் கணக்கும் கருதத்தக்கது. ஒரு திருமணத்தில் 4 எம்பி அளவுள்ள 300 படங்கள் எடுக்கப்பட்டால் மொத்தம் 1.2 ஜிபி ஆகும். நொடிக்கு 5 மெகாபிட் பதிவேற்ற வேகத்தில் இதற்கு அரை மணி நேரத்திற்கு மேல் தேவை. மண்டபத்திலிருந்து வீடு திரும்பும் வழியில் கைபேசி தொலைந்தால், காப்பு இயங்கும் நிலையில் இருந்தும் பயன் இல்லை.

காப்பும் ஒத்திசைவும்

பலர் படங்களை இழப்பது இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாடு அறியாமையால் ஆகும். காப்பு என்பது தனித்து நிற்கும் நகல். ஒத்திசைவில் ஓரிடத்தில் நிகழும் மாற்றம் மற்ற இடங்களிலும் நிகழும். ஐக்ளவுட் ஒளிப்படங்கள் ஒத்திசைவு முறையைச் சேர்ந்தவை; கைபேசியில் நீக்கினால் மேகத்திலும் நீங்கும். கூகுள் போட்டோஸ் செயலிக்குள் நீக்குவதும் இத்தகையதே. நீக்கிய படங்கள் கூகுளில் 60 நாட்களும் ஐக்ளவுட்டில் 30 நாட்களும் குப்பைத் தொட்டியில் இருந்து, பின்னர் அழிகின்றன.

மாறாக, கூகுள் செயலியின் "இடத்தை விடுவி" என்னும் வசதி கைபேசியில் உள்ள படியை மட்டும் நீக்குகிறது. அதன் பிறகு மேகத்தில் இருப்பது காப்பு அன்று. அதுவே ஒரே படி.

காஞ்சிபுரத்தில் இருந்து இரு எடுத்துக்காட்டுகள்

காஞ்சிபுரப் பட்டு நெசவில் சேலையின் உருவம் ஜக்கார்டு அட்டைகளின் துளைகளில் பதிந்திருக்கும். அட்டைகள் உள்ளவரை அவ்வுருவத்தை மீண்டும் நெய்யலாம். உடல், கரை, முந்தானை ஆகியவற்றின் நிறச்சேர்க்கை அட்டையில் இராது. விற்றுப்போன சேலையின் நிறத்தை மீண்டும் காண ஒளிப்படம் உதவும். நெய்பவர் தம் கைபேசியின் கேமராவால் எடுத்த படம் தானாகவே காப்பில் சேரும். கடைக்காரர் வாட்சப்பில் அனுப்பிய மாதிரிப் படம் வேறு கோப்புறையில் இருப்பதால், அக்கோப்புறையைத் தனியே தேர்ந்தெடுத்தால் அன்றிக் கூகுள் காப்பில் சேராது. மேலும் வாட்சப் படத்தைச் சுருக்கியே அனுப்புவதால் சரிகையின் நுண்விவரம் குன்றும்.

மற்றொன்று அத்திவரதர் பெருவிழா. வரதராசப் பெருமாள் கோயிலின் அனந்தசரசு குளத்திலிருந்து 40 ஆண்டுகளுக்கு ஒருமுறை எழுந்தருளும் இம்மூர்த்தி, 1979 க்குப் பின் 2019 சூலை 1 முதல் ஆகத்து 17 வரை காட்சியளித்தார். 1979 இல் படம் எடுத்தவர்கள் படச்சுருளைப் பயன்படுத்தினர்; 2019 இல் திறன்பேசிப் படங்கள் ஏராளமாகப் பரவின. அடுத்த விழா 2059 இல் வரும். அதுவரை ஒரு மேகக் கணக்கு நிலைக்குமா என்பது எளிய கேள்வி அன்று. கூகுளின் பிக்காசா 2016 இல் நிறுத்தப்பட்டது. ஃபிளிக்கர் 2013 இல் அளித்த 1 டெராபைட் இலவச இடம் பின்னர் 1,000 படங்களாகக் குறைக்கப்பட்டது. 2 ஆண்டுகள் பயன்படுத்தப்படாத தனிநபர் கணக்குகளை நீக்கும் நடைமுறையைக் கூகுள் 2023 திசம்பரில் தொடங்கியது.

கணக்கு உரிமையாளர் இறந்துவிட்டால் குடும்பத்தினர் படங்களைப் பெற முன்னேற்பாடு தேவை. இதற்கெனக் கூகுள் 2013 இல் செயலற்ற கணக்கு மேலாளர் என்னும் வசதியையும், ஆப்பிள் 2021 இல் மரபுத் தொடர்பாளர் என்னும் வசதியையும் அளித்தன. இரண்டிலும் உரிய நபரை உரிமையாளரே உயிருடன் இருக்கும்போது நியமித்திருக்க வேண்டும்.

பாதுகாப்பு

2014 ஆகத்து இறுதியில் திரைப்பட நடிகையர் பலரின் அந்தரங்கப் படங்கள் இணையத்தில் வெளியாயின. போலி மின்னஞ்சல்கள் மூலம் கடவுச்சொற்களைக் கவர்ந்து ஐக்ளவுட், கூகுள் கணக்குகளுக்குள் நுழைந்தவர்கள் பின்னர் அமெரிக்காவில் தண்டிக்கப்பட்டனர். ஈரடுக்குச் சரிபார்ப்பு இவ்வகைத் திருட்டைப் பெரிதும் கடினமாக்குகிறது. படக்கோப்பினுள் எடுத்த நேரமும் இடத்தின் அகலாங்கு நெட்டாங்கும் பதிந்திருப்பதையும் கருத வேண்டும்.

படங்களைத் திரும்பப் பெறுதல்

கூகுள் டேக்அவுட் வழியாக முழுத் தொகுப்பையும் பதிவிறக்கி வன்தட்டில் வைக்கலாம். தலைப்பு, விளக்கம், பயனர் திருத்திய நாள் முதலியவை படத்தினுள் அமையாமல் அருகில் தனிக் கோப்புகளாக வரும். அவற்றை நீக்கிவிட்டால் அத்திருத்தங்களும் உடன் போய்விடும்.