ஃபுளூரைடும் பற்களும்

உடலில் மிகச் சிறிதளவே இருக்கும் கனிமங்களில் பல்லோடு நெருங்கிய உறவு ஃபுளூரைடுக்கு. எச்சிலில் கரைந்திருக்கும் அது எனாமலின் அரிபட்ட இடங்களில் கால்சியம், பாஸ்பேட்டுடன் மீண்டும் படிந்து, அமிலத்துக்கு எளிதில் கரையாத படிகமாகிறது. சொத்தை தள்ளிப்போகிறது.

இந்த உறவு வெளிப்பட்டது ஒரு கறையால்தான். 1901இல் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸுக்கு வந்த பல் மருத்துவர் ஃபிரெடெரிக் மெக்கே, ஊர்க்காரர்களின் பற்களில் தேய்த்தாலும் போகாத பழுப்புக் கறையைக் கண்டார். அந்தப் பற்களில் சொத்தை குறைவு என்பது பின்னர் தெரியவந்தது. 30 ஆண்டுகள் கழித்து, 1931இல், வேதியியலாளர் சர்ச்சில் குடிநீரிலிருந்த ஃபுளூரைடே காரணம் என்று காட்டினார். 1945இல் அதே நாட்டின் கிராண்ட் ராபிட்ஸ் நகரம் குடிநீரில் அதை அளந்து கலக்கத் தொடங்கியது.

அளவு மிஞ்சினால் கேடு. உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம். தருமபுரி, கிருஷ்ணகிரி ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றில் அது மீறப்பட்டது; பால்பல் விழுந்து முளைத்த பல்லிலேயே சுண்ணாம்பு வெள்ளைத் திட்டும் பழுப்புக் கோடும். பல் உருவாகும் வயதில் படிந்த கறை பிரஷ்ஷுக்கு அசையாது. 2013இல் காவிரி நீரைக் கொண்டுவந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இதற்காகவே வந்தது.